வீட்டுக்கு முன்னால் மட்டும்

அதிர்வு வருகிறது என்பதை அந்த வீட்டில் முதலில் கண்டுகொண்டவர் அப்பா. கட்டிலில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்திருந்தவர், மாத்திரை விழுங்கத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அம்மாடி, இங்க வந்து இந்தத் தண்ணியப் பாரேன்."

மகள் தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்தாள். தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாகக் கோடுகள் விழுந்து, நடுவில் கூடிக் கலைந்துகொண்டிருந்தன.

"கை நடுங்குதுப்பா உங்களுக்கு."

"எனக்கா?" டம்ளரைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். டம்ளரில் வட்டங்கள் நிற்கவில்லை. "உன் வீட்டுக்காரர் வராரு," என்றார்.

அவள் சன்னல் வழியே பார்த்தாள். தூரத்தில், சாலை வளையும் இடத்தில், மஞ்சள் ரோலர் ஒரு வண்டு அளவுக்குத் தெரிந்தது. அங்கிருந்து இங்கே வரைக்கும் நடுங்குகிறதென்றால், பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தாள். அப்பாவும் அதைத்தான் யோசித்திருப்பார். 

வீட்டுக்கு முன்னால் புதுச் சாலை போடும் அந்தப் பள்ளம் ஈரம் காயாத நிலம். மேலே பார்த்தால் புல் முளைத்துச் சமமாகத்தான் கிடக்கும். ஒரு கம்பியைக் குத்தினால் கையோடு உள்ளே போகும். வீட்டின் பின்பாதி மேட்டை ஒட்டி, பாறை தட்டிய தரையில் நின்றது. இடம் போதாமல் கல்யாணமான பிறகு கட்டிய முன்னறை மட்டும் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கூரையின் பெரிய உத்தரம் பின்சுவரில் ஒரு காலும் முன்சுவரில் ஒரு காலும் வைத்திருந்தது. முன்சுவர் போனால் முன்னறையோடு நிற்காது, மொத்த வீடும் போகும்.

அப்பா வாழ்நாள் முழுக்கக் கிரஷரில் கல் உடைத்தவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தே தூங்குவார், உட்கார்ந்தே சாப்பிடுவார். பின்னறைகளில் மேட்டுப் பக்கம் சன்னலே கிடையாது. காற்று வருவது முன்னறைச் சன்னல் ஒன்றில்தான். அதனால் அவர் கட்டில் அங்கே. அவளுடைய கனத்த தையல் இயந்திரமும் வெளிச்சத்துக்காக அங்கே. டிப்பர் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துத் தருவது அவள் வேலை. தைத்த தார்ப்பாய் அறை முழுக்க மடிந்து கிடக்கும். அதன் எண்ணெய் வாடை அப்பாவுக்கு இருமலைக் கிளப்பும். ஆனாலும் அவர் குறை சொன்னதில்லை.

"என் நெஞ்சுக்குள்ள பாதி ரோட்டுக்குக் கல்லு இருக்கு. மாப்ளகிட்ட சொல்லி அப்படியே என்னைப் படுக்க வச்சு ரோலர ஏத்தச் சொல்லு. வேலை மிச்சம்," என்பார்.

"படுத்தாத்தான் உங்களுக்கு மூச்சு முட்டுமே."

"ரோலர் ஏறினப்புறம் எதுக்கு மூச்சு?"

அவளுடைய கணவன் எங்கெங்கோ மாதக்கணக்கில் ரோலர் ஓட்டிவிட்டு, முதன்முறையாக வீட்டு வாசலிலேயே வேலை கிடைத்து வந்திருந்தான். மதியம் வீட்டுச் சோறு. சாயங்காலம் கிணற்றடியில் குளியல். முதல் சில வாரங்கள் அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசுவான். அதற்கு முன் அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"சேத்து மேல நேரா மண்ணக் கொட்டினா அது குடிச்சுக்கிட்டே இருக்கும். எவ்வளவு போட்டாலும் தெரியாது. அதனால மேல இருக்கற வழவழப்ப வழிச்செடுத்துட்டு, கருப்புத் துணிய விரிச்சு, அதுமேல உடைச்ச கல்லப் போடறோம். டிப்பர் சேத்துல கால் வைக்கவே கூடாது. போட்ட கல்லு மேல நின்னு முன்னாடி கொட்டணும், டோசர் தள்ளும், அப்புறம் அதுமேல ஏறி இன்னும் முன்னாடி."

"பாய விரிச்சுக்கிட்டே பாய் மேல நடக்கற மாதிரி."

"அதேதான்."

"துணி எதுக்கு?" துணி என்றதும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"கல்லு சேத்துக்குள்ள முங்காம இருக்க. சேறு கல்லுக்குள்ள ஏறாம இருக்க. ரெண்டும் கலந்துட்டா ரெண்டுமே போச்சு."

முதல் அடுக்குக் கல் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனபோது பயமே தெரியவில்லை. ரோலர் சும்மா உருண்டு போனது. "முதல் அடுக்குக்கு வைப்ரேஷன் போடக் கூடாது. போட்டா கீழ இருக்கற தண்ணி மேல ஏறி எல்லாம் கஞ்சியாயிரும்," என்று அவன் சொல்லியிருந்தான். அவள் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள். ரோலர் என்றால் இவ்வளவுதான், பெரிய உருளை, மெதுவாகப் போகும், வரும் என்று. இரண்டாவது அடுக்கைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை.

இரண்டாவது அடுக்கில்தான் உருளை உள்ளுக்குள் குதிக்கும். அந்தக் குதிப்பில்தான் கல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

டம்ளரில் வட்டம் விழுந்த அன்று சாயங்காலம் அவன் கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் கஞ்சியும் அவித்த முட்டையும் வைத்தாள். வெளியே காற்றே இல்லை. மேகம் மட்டும் கூடிக்கொண்டிருந்தது.

"ரோட்டுச் சத்தம் மொத்தையா இருந்துச்சு காலையில. மத்தியானத்துக்கு மேல வேற மாதிரி கேட்டுச்சே," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கல்லு கோத்துக்கற வரைக்கும் மெத்தையக் குத்தற மாதிரிதான் கேட்கும். கோத்துக்கிச்சுன்னா சத்தம் கெட்டியாயிரும், உருளை துள்ளும். கல்லு பிடிச்சிருச்சுன்னு சொல்லுவோம். அதுக்கு மேல ஓட்ட வேண்டாம்."

"சன்னல் மூலையில விரிசல் விட்டிருக்கு."

"பூச்சு உதிர்ந்திருக்கும்."

"பூச்சு இல்ல. வந்து பாருங்க."

அவன் எழுந்து வந்து பார்த்தான். சன்னலின் மேல் மூலையிலிருந்து ஒரு கோடு சாய்வாக ஏறி உத்தரம் உட்கார்ந்த இடத்தை நோக்கிப் போயிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தான். நகம் போனது.

"இன்னும் அவ்வளவு தூரத்துல இருக்கும்போதே இப்படின்னா..." அவள் முடிக்கவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"வீட்டுக்கு முன்னால மட்டும் அந்த வைப்ரேஷன நிறுத்திட்டு ஓட்டுங்களேன். மத்த இடத்துலதான் நல்லாப் போடறீங்களே."

அவன் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான். கோபம் வந்தால்தான் அவன் தட்டைக் கழுவுவான்.

கட்டிலிலிருந்து அப்பா, "ஏம்மா, அவரு வேலையில நீ எதுக்குக் கைய விடற?" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. விழுந்தா உங்க தலையிலதான் விழும்."

"விழட்டும். ரொம்ப நாளாக் கல்ல நான் உடைச்சேன். ஒரு தடவை அது என்னை உடைச்சுட்டுப் போகட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

ரோலர் நாளுக்கு நாள் கிட்டே வந்தது. அலமாரியில் பாத்திரங்கள் தாமாக நகர்ந்து ஒன்றையொன்று இடித்தன. தையல் ஊசி ஓடும்போது கோடு நேராக விழவில்லை. ஒரு தார்ப்பாயின் ஓரம் முழுக்கப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அப்பா சுவரிலிருந்து முதுகை எடுத்துவிட்டு முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினார். சாய்ந்தால் நடுக்கம் நெஞ்சுக்குள் போய் இருமல் கிளம்பியது.

ரோலர் அவர்கள் வீட்டை எட்டிய அன்று அவள் தைக்கவில்லை. அப்பாவின் கட்டிலோரம் நின்றாள். ரோலர் பக்கத்துக் காலி மனையைத் தாண்டியது. தரை காலுக்கடியில் கொதித்தது. சன்னல் கம்பிகள் ஒரே குரலில் முனகின. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, வாசலுக்கு நேராக வந்ததும், எல்லாம் நின்றது.

ரோலர் நிற்கவில்லை. அது உருண்டுகொண்டுதான் இருந்தது. இன்ஜின் ஓடுவதும் உருளைக்கடியில் கல் நொறுங்குவதும் கேட்டன. உள்ளே குதிப்பது மட்டும் இல்லை. அவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், வாசலைக் கடந்தான். மேட்டோரம் நிற்கும் மரத்தைத் தாண்டியதும் தரை மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"மாப்ள மூச்ச அடக்கிக்கிட்டுப் போறாரு," என்றார்.

போனபோதும் திரும்பி வந்தபோதும் அப்படியே செய்தான். அன்று மதியம் அவன் சாப்பிட வந்தபோது, அவன் தட்டில் அவள் ஒரு முட்டைக்குப் பதிலாக இரண்டு வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், ஒன்றைத் திரும்ப எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் போட்டான்.

சோதனை வண்டி வருவதற்குள் வானம் முழுக்க மூடிவிட்டது.

அந்தச் சோதனையை அவள் முன்பு பார்த்ததில்லை. வாய் வரைக்கும் கல் ஏற்றிய ஒரு டிப்பர், ஆள் நடக்கும் வேகத்தில் புதுச் சாலைமேல் ஊர்ந்து வந்தது. அதன் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே, கண்ணைச் சக்கரத்தை விட்டு எடுக்காமல், இன்ஜினீயரம்மா நடந்து வந்தாள். வேலையாட்கள் அவளை மேடம் என்பார்கள். சின்ன வயதுதான். சேற்றுக் காலணி, முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. சக்கரம் போன இடத்தில் கல் அமுங்கி எழுகிறதா என்று பார்ப்பது சோதனை. அமுங்கினால் அடியில் ஏதோ சரியில்லை.

டிப்பர் பக்கத்துக் காலி மனையைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் சக்கரத்துக்கு முன்னால் கல் ஒரு பாய் சுருண்டு எழுவதைப் போல மெல்ல எழுந்தது. சக்கரம் ஒரு பக்கம் இறங்கியது. டிப்பர் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, டிரைவர் வண்டியை ஒடித்து எடுக்க, முக்கி முனகி வெளியே வந்தது. போன தடத்தில் கற்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

மேடம் குனிந்து அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரோலரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் இறங்கி வந்தான். சன்னலுக்கு நேர் எதிரே நின்று பேசினார்கள். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இந்த இடத்துல மட்டும் ஏன் இப்படி? இங்க வைப்ரேஷன் போட்டுத்தானே ஓட்டினீங்க?"

மனைவி சன்னலுக்குள்ளிருந்து அவன் பிடரியைப் பார்த்தாள்.

"போட்டுத்தான் ஓட்டினேன் மேடம்."

"எல்லா இடம் மாதிரியும்தானே?"

"ஆமா மேடம்."

மேடம் கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தாள். "அப்ப அடிமண்ணு நாம நினைச்சதவிட மோசம். எடுத்துரலாம். பொக்லைன வரச் சொல்றேன். கல்லு, துணி எல்லாத்தையும் எடுத்துட்டு, கெட்டித் தரை கிடைக்கற வரைக்கும் தோண்டி, திரும்பப் போடலாம். மழைக்கு முன்னாடி முடிக்கணும்."

பிறகு மேடம் சன்னலுக்கு வந்தாள். உள்ளே ஒரு நோயாளி இருப்பதை அப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு இங்க ஆழமாத் தோண்டுவோம். இந்தச் சுவத்தோட அஸ்திவாரத்துக்கும் கீழ போகும். சுவரு நிக்காது. நீங்க எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வேற எங்கயாவது இருந்துக்கணும். ஆபீஸ்ல பேசறேன், முடிஞ்சதச் செய்யறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"உத்தரம் இந்தச் சுவத்து மேலதான் இருக்கு," என்றாள் அவள்.

மேடம் உத்தரத்தைப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

சாயங்காலம் அவன் குளிக்காமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்கவில்லை. அப்பா உள்ளிருந்து இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"சொல்றதுக்கு என்ன இருக்கு. அந்தப் பொண்ணுகிட்டப் போய் உள்ளதச் சொல்லிட்டா, தோண்ட மாட்டாங்கதானே?"

"மாட்டாங்க. வைப்ரேஷன் போட்டு ஓட்டினாப் போதும்."

"சுவரு?"

"தாங்கினாலும் தாங்கும். தாங்காமலும் போகும். தோண்டினா மட்டும் நிச்சயமா போயிரும்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே," என்றாள் அவள்.

அவன் காலடியில் கிடந்த ஒரு ஜல்லியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். "ரோலர்ல ஒண்ணு இருக்கு. ஓட்டறவன் சொல்றததான் நம்பணும். மேல கல்லு ஒரே மாதிரிதான் தெரியும். உள்ள போட்டானா போடலையான்னு யாருக்கும் தெரியாது. ஒரு இடத்துல பொய் சொன்னான்னு தெரிஞ்சா, அவன் ஓட்டின ரோடு பூராவும் சந்தேகம். வண்டியில ஏத்த மாட்டாங்க. இங்க மட்டும் இல்ல, எங்கயும்."

"நான்தானே நிறுத்தச் சொன்னேன்."

"கைப்பிடி உன் கையிலயா இருந்துச்சு?"



அப்பா மெதுவாகக் கேட்டார். "ஒண்ணு கேட்கறேன் மாப்ள. யாருக்காக நிறுத்தினீங்க? சுவத்துக்கா, எனக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. நீங்க சாஞ்சிருக்கறது அதுலதானே."

அப்பா முதுகைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார். ரோலர் ஓடாத நேரத்தில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காலையில் பொக்லைன் வந்துவிட்டது. பெரிய லாரியின் முதுகிலிருந்து அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வழக்கம்போல ரோலரில் ஏறி, தூரத்தில் மிச்சமிருந்த இடத்தை நோக்கித் திருப்பினான். அவள் அடுப்பை அணைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தார்ப்பாய் வாங்க வரும் டிரைவர்களிடம்கூட அளவைத் தவிர வேறு பேசமாட்டாள்.

மேடம் சாலையோரம் ஒரு மடக்கு மேசைக்கு முன் நின்று, பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், மண்ணைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடர் ஓட்டுபவன் நின்றான். எப்போதும் கண் பாதி மூடியே இருப்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அந்தத் தூக்கத்தோடு அவன் ஓட்டும் கிரேடர் ஒரு விரல்கூட மேலே கீழே போனதில்லை என்று அவள் கணவன் சொல்வான்.

"மேடம், தோண்ட வேண்டாம்," என்றாள் அவள்.

"அக்கா, எனக்குப் புரியுது. ஆனா..."

"மண்ணு மேல தப்பில்ல. ரோலர் ஓட்டறது எங்க வீட்டுக்காரரு. எங்க வீட்டுக்கு முன்னால மட்டும் அவரு வைப்ரேஷன் போடல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். எங்கப்பா உள்ள இருக்காரு. சுவரு விரிசல் விட்டுச்சு. அதான்."

பாடம் ஒப்பிப்பதைப் போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடம் டீயைக் கீழே வைத்தாள். அவளைப் பார்க்கவில்லை, ரோலரைப் பார்த்தாள். அவனும் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தன் மனைவி எதற்கு அங்கே போய் நிற்கிறாள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவ்வளவு தூரமும் நடந்தே வந்து, சாவியை மடக்கு மேசையின் மேல் வைத்தான்.

"உண்மையா?" என்று கேட்டாள் மேடம்.

"உண்மைதான் மேடம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுருவீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன். ஆனா கல்ல இவ்வளவு கனமாப் போட்டிருக்க மாட்டேன். இந்த இடத்துல மட்டும் மெல்லிசு மெல்லிசாப் பரப்பி, வைப்ரேஷன் இல்லாம அதிகத் தடவை ஓட்டியிருக்கலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கற வீடு விரிசல் விட்டா அப்படித்தான் பண்ணுவோம். உள்ள விரிசல் விட்டிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவள் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவன் மேசை மேலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப அப்படிப் பண்ண முடியாதா மேடம்?" என்று கேட்டாள் அவள்.

"மேல இருக்கறத வழிச்செடுத்தா அடியில துணி கிழியும். நேத்து டிப்பர் ஏறினதுல தண்ணி வேற மேல வந்திருக்கு. மழை இன்னைக்கே வந்தாலும் வரும். திறந்து வச்சா மொத்தமும் போச்சு. வைப்ரேஷன் போட்டு ஓட்டறதுதான் இப்ப மிச்சம்." மேடம் அவனிடம் திரும்பினாள். "நீங்க ஓட்ட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"நீங்க ஓட்டினது பூராவும் மறுபடி சோதிக்கணும்."

"மத்த இடமெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"இருக்கும்னு நானும் நம்பறேன்," என்றாள் மேடம். சொல்லிவிட்டு, அந்த வார்த்தை பிடிக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தூங்குமூஞ்சி சாவியை எடுத்தான். "அண்ணே, நான் வேணும்னு எடுக்கல," என்றான்.

"எடு. யாராவது எடுத்துத்தானே ஆகணும். இடது பக்கப் பிரேக் கொஞ்சம் தாமதமாப் பிடிக்கும், பாத்துக்க."

வீட்டைக் காலி செய்ய அதிக நேரமாகவில்லை. பாத்திரங்களை வெளியே கொண்டுவந்து அடுக்கினார்கள். தையல் இயந்திரத்தை இரண்டு பேராகத் தூக்கி மேட்டில் வைத்து, ஒரு தார்ப்பாயால் மூடினார்கள். கடைசியாக அப்பாவை, முதுகுப் பலகை போன பழைய நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கனமே இல்லாமல் இருந்தார்.

"கல்லு ஏத்தின வண்டின்னு நினைச்சீங்களா மாப்ள? காலி வண்டிதான்," என்றார். மூச்சு வாங்கியது.

தூறல் விழ ஆரம்பித்தது. அவள் இன்னொரு தார்ப்பாயை விரித்து மரக்கிளையில் கட்டி, அவர் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். தான் தைத்த தார்ப்பாய்க்குக் கீழ் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. மழைத்துளி அதன்மேல் பட்டுப் பட்டுத் தெறித்தது.

தூங்குமூஞ்சி ரோலரை வாசலுக்கு நேராக்கினான். மரத்தடியைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான், மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு அதிர்வைப் போட்டான்.

தரை நடுங்கியது. சத்தம் மொத்தையாக, மெத்தையைக் குத்துவதைப் போல இருந்தது. ரோலர் போனது, திரும்பி வந்தது. வீட்டின் ஓடுகள் கிடுகிடுத்தன. முன்சுவர் நின்றது. இன்னொரு முறை போய் வந்தது. விரிசல் அகன்று, அதன் வழியே வீட்டுக்குள் இருட்டு தெரிந்தது. ஆனாலும் நின்றது. தூங்குமூஞ்சி ரோலரை நிறுத்தி அதிர்வை அணைத்தான். வீட்டைப் பார்த்தான், பிறகு மேடத்தைப் பார்த்தான். மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதும் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவளுக்கும் காது இருக்கிறது. சத்தம் இன்னும் மாறவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

கணவன் தார்ப்பாய்க்குக் கீழிருந்து வெளியே போனான்.

"எங்க போறீங்க?"

"இன்னும் பிடிக்கல," என்றான்.

அவன் தூறலில் நனைந்துகொண்டே போய் ரோலருக்கு முன்னால் நின்றான். தூங்குமூஞ்சி ஏதோ சொன்னான். அவன் தலையை ஆட்டி மறுத்தான். வீட்டுப் பக்கம் பார்க்காமல் நின்று, ஒரு கையை உயர்த்தி, ரோலரைத் தன்னை நோக்கி வரச் சொல்லி அழைத்தான்.

"இந்தப் பக்கம் இன்னும் ஒட்டி வா. ஓரந்தான் மெத்துனு இருக்கு. வா, வா. வைப்ரேஷனப் போடு."

ரோலர் மறுபடி உயிர் பெற்றது. அவன் பின்னோக்கி நடந்தான், கையை ஆட்டி ஆட்டி அதைத் தன் சுவரை ஒட்டிக் கூட்டிக்கொண்டு போனான். வாடிக்கையாளருக்கு வண்டி நிறுத்த இடம் காட்டுபவனைப் போல, பதறாமல், கவனமாக. திரும்பி வந்தபோது இன்னும் ஒட்டி வரச் சொன்னான்.

அப்போதுதான் சன்னல் மூலை போனது. முதலில் சன்னல் சட்டம் உள்பக்கம் சாய்ந்தது. அதன் பின்னாலேயே மூலைச் சுவர் சரிந்து, கட்டில் போட்டிருந்த இடத்தில் புழுதியோடு விழுந்தது. உத்தரம் ஒருமுறை முறிவதைப் போலச் சத்தமிட்டது. சுவரின் மிச்சப் பாதி அதைத் தாங்கிக்கொண்டு நின்றது.

தூங்குமூஞ்சி அதிர்வை அணைத்துவிட்டான்.

அவள் கணவன் திரும்பிப் பார்க்கவில்லை. உயர்த்திய கையை இறக்கவும் இல்லை.

"நிறுத்தாத. இன்னும் ஒரு தடவை. வா."

ரோலர் வந்தது. வாசலைக் கடக்கும்போது உருளை ஒருமுறை துள்ளியது. சத்தம் சட்டென்று மாறியது. கெட்டியாக, காய்ந்த பாறையில் இரும்பு மோதுவதைப் போல ஒலித்தது. இந்த மழையிலும், இந்தச் சேற்றின் மேலும் அப்படி ஒரு சத்தம் வருமா என்று அவளுக்கு இருந்தது.

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று, தன் வயிற்றை அவர் முதுகுக்குக் கொடுத்தாள்.

"பிடிச்சிருச்சு," என்றார் அப்பா.

அங்கே கணவன் அப்போதுதான் கையை இறக்கினான்.